வடிவு நடை மெஷின் பார்த்த கதை

தூத்துக்குடி பிரையண்ட் நகரில் எங்கள் தெருக்காரர்களுக்கு ஒரு பொருள் நல்லதா கெட்டதா என்று சந்தேகம் வந்தால் அருணாசலவடிவிடம்தான் போவார்கள். பெயரைக் கேட்டதுமே ஏரல்காரி என்று சொல்லிவிடலாம். அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு அருணாசலம், தெருவுக்கு ஒரு அருணாசலவடிவு. அவள் புருஷன் இசக்கியப்பன் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். போர்டில் இருப்பது அவர் பெயர், சரக்குப் பிடிப்பது அவள். மொத்த வியாபாரி துவரம்பருப்பு மூட்டையை மேலே அவிழ்த்துக் காட்டினால் அந்தப் பக்கமே திரும்ப மாட்டாள். அடியில் கிடக்கும் மூட்டையை இழுக்கச் சொல்லி, அதிலும் அடிப்பக்கமாகப் பார்த்துக் குத்தூசியைச் செருகி, உள்ளங்கையில் வந்து விழும் பருப்பில் ஒன்றைக் கடித்துப் பார்த்த பிறகுதான் விலையையே கேட்பாள். மேலே இருப்பது காட்டுவதற்கு, அடியில் இருப்பதுதான் விற்பதற்கு என்பது அவள் கட்சி.

நான் அவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரன். பெயர் நேசக்குமார், சொந்த ஊர் சாயர்புரம். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் முப்பத்து மூன்று வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவன். இந்தக் கதையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. பெருமைப்பட்டுக்கொள்கிற மாதிரியான பங்கு அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இசக்கியப்பன் அண்ணாச்சிக்கு நெஞ்சுவலி வந்தது. (என்னைவிட மூன்று வயது இளையவர். ஆனாலும் கடைக்காரர் என்றால் அண்ணாச்சிதான்.) விடியற்காலையில் பைபாஸ் பக்கம் சரக்கு லாரி பார்க்கப் போனவர் ரோட்டில் விழுந்துவிட்டார். ஒரு ஆட்டோக்காரன் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தான். ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்து வீட்டுக்கு வந்து கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்தவர்தான், அதன் பிறகு எழுந்திருக்கவில்லை. தினமும் அரைமணி நேரம் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணாச்சியோ வீட்டிலிருந்து கடைக்குப் பதினோரு அடி, கடையிலிருந்து வீட்டுக்குப் பதினோரு அடி, அவ்வளவுதான் நடப்பார். கேட்டால் நாய் என்பார், துறைமுகத்து லாரி கிளப்பும் தூசி என்பார், வெயில் என்பார், மழை என்பார். நாலும் இல்லாத ஒரு நாள் இந்த ஊரில் கிடையாது என்பது உண்மைதான்.

இதில் வடிவுக்கு இன்னொரு சங்கடம் இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அவள் திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்திருந்தாள். இந்த மனுஷன் எழுந்துவிட்டால், தூத்துக்குடியிலிருந்து உன் சந்நிதிக்கு நடத்தியே கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று. எல்லோரும் தன் காலை வைத்து நேர்ந்துகொள்வார்கள், இவள் புருஷன் காலை வைத்து நேர்ந்துகொண்டாள். நாற்பது கிலோமீட்டர். அண்ணாச்சி பிழைத்துக்கொண்டார், முருகன் தன் பங்கைச் செய்துவிட்டார். இனி நடக்க வேண்டிய கால்தான் நாற்காலியை விட்டு இறங்கவில்லை.

போன ஐப்பசியில் டாக்டர் பரிசோதித்துவிட்டு அவளைத் தனியாகக் கூப்பிட்டார். மருந்து தன் வேலையைச் செய்கிறது, உங்கள் வீட்டுக்காரர்தான் செய்யவில்லை, இப்படியே உட்கார்ந்திருந்தால் அடுத்த தடவை வலி வரும்போது என்னால் ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம் என்றார். வடிவு அதை என்னிடம் சொன்னபோது மல்லி மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை, ஆனால் தையல் கோணலாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் பயந்திருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் டிவி வழி காட்டியது. கடையில் காலை பதினொரு மணிக்கு மேல் ஆள் குறையும். அப்போது ஒரு சேனலில் அரைமணி நேரம் ஒரு மெஷினை விற்பார்கள். கட்டுமஸ்தான ஒரு ஆளும், சிரிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஒரு பெண்ணும் வருவார்கள். அதிலேயே நடக்கலாம், சைக்கிள் மிதிக்கலாம், தொப்பையைக் கரைக்கலாம். பத்து நிமிஷம் போதும். முந்தைய படத்தில் தொப்பையோடு சோகமாக நின்றவர் பிந்தைய படத்தில் தொப்பை இல்லாமல் கூலிங்கிளாஸோடு நிற்பார். இன்றே கூப்பிட்டால் இடுப்பு பெல்ட் இலவசம். இசக்கியப்பன் இதை ஒரு வாரம் பார்த்தார். எட்டாம் நாள், இதை வாங்கிப்போடு, வீட்டுக்குள்ளேயே நடக்கிறேன் என்று வடிவிடம் சொல்லிவிட்டார்.

அதோடு விட்டாரா? மெஷினில் மீட்டர் இருக்கிறதாம், எத்தனை கிலோமீட்டர் என்று காட்டுமாம்.

"நாப்பது கிலோமீட்டர் மீட்டர்ல காட்டிட்டா நேர்ச்சையும் முடிஞ்ச மாதிரிதானளா. அப்புறம் கார்ல போய் ஒரு கும்பிடு போட்டுட்டு வந்திருவோம்" என்றார்.

முருகனை மீட்டர் வட்டிக்காரன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. வடிவு சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. பார்ப்போம் என்றாள். அவள் பார்ப்போம் என்றால் உண்மையிலேயே பார்ப்பாள் என்று அர்த்தம்.

முதலில் டிவியில் காட்டிய நம்பருக்குப் போன் போட்டாள். எடுத்த பெண் தேன் ஒழுகப் பேசியது. வடிவு மூன்று கேள்வி கேட்டாள். இதுவரை எத்தனை மெஷின் திரும்பி வந்தது? ஒரு வருஷம் ஓடிய பழைய மெஷினைத் தூத்துக்குடியில் எங்கே பார்க்கலாம்? அந்தக் கூலிங்கிளாஸ்காரர் இப்போது எப்படி இருக்கிறார்? அந்தப் பெண் மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டது. பிறகு வரவில்லை. மேல் மூட்டையை மட்டும் காட்டுகிறார்கள் என்று வடிவு சொல்லிக்கொண்டாள்.

அடி மூட்டை என் வீட்டில் இருந்தது. அதே சேனலில் பார்த்து இரண்டு வருஷத்துக்கு முன் நான் ஒரு சைக்கிள் மெஷின் வாங்கியிருந்தேன். தெருவில் யார் கேட்டாலும், பிரமாதமான மெஷின், தினமும் அரைமணி நேரம் மிதிக்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன். ஏமாந்தவன் வாயைத் திறந்தால் இரண்டு தடவை ஏமாந்தவன் ஆகிவிடுவான் அல்லவா. வடிவு ஒரு சாயங்காலம் வந்து, சார், உங்க மெஷினைக் கொஞ்சம் பாக்கணும் என்று நின்றாள். மறுக்க வழியில்லை.

உள்ளறையில் அது பழைய போர்வைக்குள் இருந்தது. அவள் போர்வையை எடுத்தாள். தூசி பறந்தது. மெஷினைச் சுற்றி வந்தாள். பெடலைக் கையால் சுழற்றியதும் மீட்டரில் வெளிச்சம் வந்தது. அதில் ஒரு பட்டன் உண்டு, அழுத்த அழுத்த நேரம், வேகம் என்று வரிசையாகக் காட்டும். கடைசியில், வாங்கிய நாளிலிருந்து மொத்தம் எவ்வளவு ஓடியது என்று காட்டும். எனக்கே அது மறந்திருந்தது. வடிவு பட்டனை அழுத்திக்கொண்டே போய் அங்கே வந்து நின்றாள். இருபத்தாறு.

"திருச்செந்தூர் ரோட்ல இருபத்தாறுன்னா எங்கன வரும் சார்?" என்று கேட்டாள்.

"ஆத்தூர் கிட்ட வரும்" என்றேன்.

"ரெண்டு வருசத்துல ஆத்தூர் தாண்டல" என்றாள்.

முப்பத்து மூன்று வருஷ ஆபீஸ் வாழ்க்கையில் எத்தனையோ ஆடிட்டரைப் பார்த்தவன் நான். இப்படி ஒரே பட்டனில் யாரும் என்னைப் பிடித்ததில்லை. தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை, ஏன் விட்டுவிட்டீர்கள் என்று மட்டும் கேட்டாள். அவளுக்கு என்னைக் குற்றம் சொல்ல வேண்டியிருக்கவில்லை, காரணம்தான் வேண்டியிருந்தது. அதனால் நானும் உண்மையைச் சொன்னேன். என் மனைவி இறந்துபோன அந்த வருஷம் நான் வாங்கியது அது. முதல் வாரம் ஒழுங்காக மிதித்தேன். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே மிதிக்க அலுத்துப்போயிற்று. ஒரு நாள் விட்டேன், மறுநாளும் விட்டேன். இன்றைக்கு மிதித்தீர்களா என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. அவ்வளவுதான். வடிவு போர்வையை எடுத்து முன்பு இருந்தபடியே மூடிவிட்டுப் போனாள்.

ஒரு மாதிரியை வைத்து முடிவு பண்ணுகிறவள் இல்லை அவள். கடற்கரைச் சாலைப் பக்கம் இருக்கும் பிலோமினா டீச்சரிடமும் அதே மெஷின் ஐந்து வருஷமாக இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு போனாள். என்னையும் கூட்டிக்கொண்டு போனாள், வழிக்குத் துணையா, கெட்ட மாதிரிக்கு அடையாளமா என்று தெரியவில்லை. டீச்சரின் மெஷினில் மீட்டர் எப்போதோ செத்துவிட்டது. ஆனால் பெடலில் இருந்த ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது. வடிவு அதை விரலால் தடவிப் பார்த்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். டீச்சருக்கு எழுபது வயது. படி ஏறி இறங்குவது சின்னப் பிள்ளை மாதிரி.

எப்படி விடாமல் மிதிக்கிறீர்கள் என்று வடிவு கேட்டாள். டீச்சருக்கு அந்தக் கேள்வியே புதிதாக இருந்தது. நான் எங்கே மெஷின் மிதிக்கிறேன், ஜெபமாலை அல்லவா சொல்கிறேன் என்றார். காலையில் மெஷினில் ஏறி ஜெபமாலையைத் தொடங்குவாராம், ஐம்பத்து மூன்று மணியும் முடியும்போது கால் தானாக நிற்குமாம். மாதா அம்மா ஒருத்தி கேட்டுக்கொண்டிருக்கும்போது பாதியில் இறங்க முடியுமா என்றார்.

திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரு கடை ஓரமாக ஒதுங்கி நின்றோம். வடிவு மழையைப் பார்த்துக்கொண்டே, "சரக்குல குத்தம் சொல்ல முடியாது சார். பருப்பு ஒண்ணுதான், வேகுத அடுப்புதான் வேற. எங்க வீட்டு அடுப்பத்தான் நான் இன்னும் பாக்கல" என்றாள்.

அந்த வாரம் முழுக்க மழை. எங்கள் தெருவில் மழை பெய்தால் தண்ணீர் விருந்தாளி மாதிரி வந்து நாலு நாள் தங்கிவிட்டுத்தான் போகும். கணுக்கால் தண்ணீரில் நடந்து ரவை வாங்கக் கடைக்குப் போனேன். வேறு ஆள் இல்லை. டிவியில் அந்தக் கட்டுமஸ்தான ஆள் நடந்துகொண்டே இருந்தான். வடிவு டிவியை அணைத்துவிட்டு, நாளைக்கே மெஷினுக்குச் சொல்லிவிடுகிறேன், அதற்கு முன்னால் ஒரு விஷயம் தெரிய வேண்டும், வெளியே நடக்க உங்களுக்கு என்ன தடை என்று கேட்டாள். அண்ணாச்சி வழக்கம்போல நாய் என்றார். தெருநாய்க்கெல்லாம் நீங்கள்தான் பிஸ்கட் போடுகிறீர்கள், உங்களை அது என்ன செய்யும் என்றாள். தூசி என்றார். மழை பெய்கிறது, ஏது தூசி என்றாள். மழை என்றார். போன பங்குனியில் மழையா பெய்தது என்று கேட்டாள். குரல் உயரவே இல்லை. எனக்குத்தான் அங்கே நிற்கக் கூச்சமாக இருந்தது. ரவையை வாங்காமலே கிளம்பப் பார்த்தேன்.

இசக்கியப்பன், இருங்க சார் என்றார். என்னைப் பார்த்துச் சொல்வது அவருக்குச் சுலபமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

"அன்னைக்கு பைபாஸ்ல விழுந்தேன்லா. உடனே ஆட்டோக்காரன் தூக்கிட்டான்னு இவகிட்ட சொல்லியிருக்கேன். உடனே இல்ல சார். விடிஞ்சு வெயில் வார வரைக்கும் கெடந்தேன். கண்ணு தெரியுது, காது கேக்குது, வாய் வரல. ஆளு போறாவ, வாராவ. விடியக்காலமே குடிச்சிட்டுக் கெடக்கான் பாருன்னு ஒரு பொம்பள சொல்லுதா. ஒருத்தன் என் காலத் தாண்டிப் போனான். நான் ஒரு நாளும் குடிச்சதில்ல சார்."

அவர் கல்லாப்பெட்டியின் மூடியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"சாகதுக்குப் பயமில்ல. அப்படிக் கெடக்கதுக்குத்தான் பயம். மெஷின்னா வீட்டுக்குள்ள இருக்கும். விழுந்தாலும் நீ பாத்துருவ" என்றார், இப்போது அவளைப் பார்த்து.

வடிவு எழுந்து உள்ளே போய், மூட்டைகளின் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். தோள் குலுங்குவது தெரிந்தது. இரண்டு வருஷமாகச் சோம்பேறி என்று திட்டியிருக்கிறாள், நானும் கூடச் சேர்ந்து கேலி பண்ணியிருக்கிறேன். அவரைத் தாண்டிப் போன அந்த மனுஷன் மேல் வந்த கோபம் இன்னும் எனக்குப் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வடிவு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து எனக்கு அரைக்கிலோ ரவை நிறுத்துக் கொடுத்தாள். எடை சரியாக இருந்தது.

மறுநாள் காலையில் முடிவைச் சொன்னாள். மெஷின் வேண்டாம். டீச்சர் வீட்டில் அது ஓடுகிறது என்றால் அங்கே ஒரு துணை இருக்கிறது, சார் வீட்டில் ஓடவில்லை என்றால் அங்கே துணை இல்லை. உங்களுக்கு வேண்டியது துணைதான், அதற்கு எதற்குப் பதிமூன்றாயிரம் ரூபாய். நான் கூட வருகிறேன். தினமும் சாயங்காலம் தெருவுக்குள், ஞாயிற்றுக்கிழமை திருச்செந்தூர் ரோட்டில். அண்ணாச்சி நாற்பது கிலோமீட்டரா என்று திகைத்துப் போனார். அப்போது அவள் சொன்ன பதிலை எங்கள் தெரு இன்றும் சொல்லிச் சிரிக்கிறது.

"மொத்தமா வாங்கி சில்லரையா விக்கதுதான நம்ம தொழிலு. முருகன்கிட்டயும் சில்லரையா குடுப்போம்."

அப்படியே செய்தார்கள். முதல் ஞாயிறு மதியம் கடையை அடைத்துவிட்டு, செருப்பில்லாமல் வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டார்கள். ஒன்றரைக் கிலோமீட்டர். ஒரு பஞ்சர் கடை வாசலில் நின்று, இதுதான் நம்ம இடம் என்று வடிவு அடையாளம் வைத்துக்கொண்டாள். பஸ் ஏறி வீட்டுக்கு வந்தார்கள். அடுத்த ஞாயிறு பஸ்ஸில் அதே பஞ்சர் கடைக்குப் போய் இறங்கி, அங்கிருந்து நடந்தார்கள். இப்படி ஒரு நேர்ச்சை செல்லாது, ஒரே மூச்சில் போக வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். செல்லுமா செல்லாதா என்று முருகனே சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள். முள்ளக்காடு வர ஒரு மாதம் பிடித்தது. பழையகாயல் உப்பளத்தைத் தாண்டும்போது தைப்பூசம் வந்துவிட்டது. பச்சை வேட்டி கட்டிய கூட்டம் அரோகரா போட்டுக்கொண்டு இவர்களைக் கடந்து விர்ரென்று போயிற்று. அண்ணாச்சிக்கு வெட்கமாக இருந்ததாம். அவர்கள் நாளைக்கு வீட்டுக்குப் போய்விடுவார்கள், நாம் இன்னும் எட்டு வாரம் முருகனை நினைத்துக்கொண்டிருப்போம் என்று வடிவு சமாதானம் சொன்னாளாம்.

முக்காணி ஆற்றுப்பாலத்திலிருந்து நானும் சேர்ந்துகொண்டேன். நான் கிறிஸ்தவன், நேர்ச்சை ஒன்றுமில்லை, ஞாயிறு ஆராதனை முடிந்தால் வீட்டில் சும்மாதான் உட்கார்ந்திருப்பேன். அப்போதுதான் கவனித்தேன். அண்ணாச்சி முன்னால் நடப்பார், வடிவு இரண்டடி பின்னால். பத்தடிக்கு ஒரு தடவை அவர் திரும்பிப் பார்ப்பார். அவள் இருக்கிறாள் என்று தெரிந்ததும் மறுபடி நடப்பார். லாரி வந்தாலும் பார்ப்பார், வராவிட்டாலும் பார்ப்பார். ஆத்தூர் வரை, ஆறுமுகநேரி வரை இப்படித்தான். பின்னால் ஆள் இல்லாவிட்டால் அங்கேயே நின்றுவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. அவருக்கு மூச்சு வாங்குவது குறைந்துவிட்டது, உடம்பும் இறங்கிவிட்டது. டாக்டர் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டார். ஆனால் இந்தத் திரும்பிப் பார்ப்பது மட்டும் போகவில்லை. வடிவுக்கும் அது தெரியும். தான் இல்லாத அன்றைக்கு என்ன செய்வார் என்று ஒரு தடவை என்னிடம் கவலைப்பட்டாள்.

கடைசி ஞாயிறு பங்குனியில் வந்தது. வீரபாண்டியன்பட்டினத்திலிருந்து தொடங்கினோம். கோபுரம் தெரிய ஆரம்பித்துவிட்டது. ஊருக்குள் நுழைந்து இன்னும் ஒரு கிலோமீட்டர்தான் இருக்கும், வடிவு சட்டென்று நின்றாள். நாலு மாதமாக அவருக்காக நடந்ததில் அவள் முழங்கால் வீங்கியிருந்தது, யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பழக்கடை பெஞ்சில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டாள். அண்ணாச்சி பதறி ஓடி வந்தார். ஆட்டோ பிடிப்போம், போதும், அடுத்த வாரம் வந்து பார்த்துக்கொள்வோம் என்றார்.

"நேந்தது உங்கள நடத்திக் கூட்டிட்டு வாரேன்னுதான், நான் நடக்கேன்னு இல்ல. நீங்க போங்க" என்றாள்.

"நீ?"

"நான் இங்கனதான் இருக்கேன். பையப் போங்க."

அவர் கோபுரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நான் அவருடன் போவதற்காக எழுந்தேன். சார், நீங்க உக்காருங்க என்று வடிவு என்னை நிறுத்திவிட்டாள். அவர் நடக்கத் தொடங்கினார். பத்தாவது அடியில் திரும்பிப் பார்த்தார். அவள் கையை அசைத்தாள். ஒரு டீக்கடை வந்தது, அங்கே இன்னொரு தடவை பார்த்தார். அதன் பிறகு மொட்டை போட்ட குழந்தைகளும் பூக்காரிகளுமாகக் கூட்டம் அடர்த்தியானது. அண்ணாச்சியின் வெள்ளைச் சட்டை அதற்குள் போய்க்கொண்டே இருந்தது. ஒருவர் வந்து அவர் தோளில் இடித்தார், விலகி நடந்தார். ஒரு வேன் ஹாரன் அடித்தது, ஓரமாக நடந்தார். சட்டை சின்னதாகி, வளைவில் திரும்பி, மறைந்துவிட்டது.

வடிவு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எக்கிப் பார்த்தபடியே இருந்தாள். கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை.

"திரும்பிப் பாக்கலயே சார்" என்றாள்.